சோக்கை எடுத்தால் நின்றுவிடும் வண்டி

கொளஞ்சிநாதன் தன் மோட்டார் சைக்கிளை எப்போதும் ரோட்டைப் பார்த்தபடிதான் நிறுத்துவான். வேலை முடிந்து எவ்வளவு களைத்து வந்தாலும் வாசலில் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி, முன்சக்கரம் தெருப்பக்கம் இருக்கும்படி வைத்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவான். பெட்ரோல் பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடமாட்டான். சாவி கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் தொங்க வேண்டும். மகள் வெண்பா விளையாட்டாக அதை எடுத்து வேறெங்காவது வைத்துவிட்டால் அன்றைக்கு வீடு இரண்டுபட்டுவிடும்.

"அவசரத்துக்கு வேணும்ல" என்பான். என்ன அவசரம் என்று கேட்டால் வண்டியைத் துடைக்கப் போய்விடுவான்.

அந்த அவசரம் அவன் எட்டாம் வகுப்பு படிக்கும்போது வந்தது. பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்த அக்காவுக்கு வலி எடுத்த நேரத்தில் விருத்தாசலம் போகிற கடைசி பஸ் போய்விட்டிருந்தது. ஊரில் இருந்த ஒரே டிராக்டர் கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போயிருந்தது. கொளஞ்சி தெருத் தெருவாக ஓடினான். அடுத்த ஊர் வரைக்கும் ஓடி ஒரு வேனைக் கூட்டிவந்து, அக்காவை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது. அக்கா பிழைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு பிள்ளைகள் பெற்று இப்போது நெய்வேலியில் நன்றாகவே இருக்கிறாள். அதைப் பற்றி அவள் பேசியே பல வருஷம் ஆகிறது. ஓடினவனுக்குத்தான் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அவன் வாங்கின முதல் பொருள் அந்த வண்டி. யாரோ ஓட்டிக் கழித்த பழைய வண்டிதான். பிரபாவைப் பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று அவள் மாமா கேட்டதற்கு, "வண்டி இருக்குதுங்க" என்று சொன்னான். நிலம், வீடு என்று ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பிரபா இப்போதும் அதைச் சொல்லிக் கேலி செய்வாள். அவள் எதற்கும் பயப்படாதவள். கிணற்றில் பாம்பு விழுந்தால் எட்டிப் பார்க்கிற ஆள். அவனோ இடி இடித்தால் மெயின் சுவிட்சை அணைக்கிற ஆள்.

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்கிற கம்பெனி ஒன்றில் அவனுக்கு அரவைப் பிரிவில் வேலை. ஃபியூஸ் கட்டை, கரண்டு கம்பத்துக்குப் போடுகிற பீங்கான், இந்த மாதிரிச் சரக்குகளுக்கு வேண்டிய வெள்ளைக் களிமண்ணையும் கல் பொடியையும் மூட்டை மூட்டையாகப் பிரித்து அரவை உருளைக்குள் கொட்ட வேண்டும். சாயங்காலம் வெளியே வரும்போது புருவம் வரை வெள்ளையாக இருப்பான். முகத்தைக் கழுவிக்கொண்டு, சட்டையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் இருக்கிற தன் ஊருக்கு வண்டியை விடுவான்.

வெண்பாவுக்கு ஐந்து வயதில் இளைப்பு வந்தது. மழைக்காலம் முடிந்து பனி இறங்க ஆரம்பித்ததும் விடிகிற நேரத்தில் நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். டாக்டர் வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்ப் ஒன்று எழுதிக் கொடுத்தார். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் டவுனுக்குப் போய் மெஷினில் மருந்துப் புகை வைக்க வேண்டும். முதல் வருஷம் இரண்டு தடவை அப்படிப் போனார்கள். வண்டி ஒரே உதையில் கிளம்பியது. வண்டி வாங்கியதன் அர்த்தமே இதுதான் என்று கொளஞ்சிக்கு அப்போது தோன்றியது.

அடுத்த வருஷம் கார்த்திகையில் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது.

காலையில் உதைத்தால் கிளம்பும். வாசலைத் தாண்டுவதற்குள் இருமி நின்றுவிடும். மறுபடி உதைத்தால் கிளம்பும், தெருமுனையில் நிற்கும். இப்படி நான்கைந்து தடவை நின்று, இன்ஜின் சூடேறிவிட்டால் பிறகு ஒரு குறையும் இருக்காது. சாயங்காலம் வரை அதே வண்டி குதிரை மாதிரி ஓடும். மறுநாள் காலையில் பழைய கதை.

வேறு ஒருவனுக்கு இது எரிச்சல். கொளஞ்சிக்கு அப்படியில்லை. வண்டி சில்லென்று இருக்கும் நேரமும் மகளுக்கு மூச்சு முட்டும் நேரமும் ஒன்று. அவன் விடிவதற்கு முன்பே எழுந்து வண்டியைக் கிளப்பிச் சூடேற்ற ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பான். வெண்பா தூங்குகிற அறையில் காது வைத்துக் கேட்பான். மறுபடி போய்க் கிளப்புவான். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே பயத்துல நீங்க போயிடுவீங்க போலருக்குது" என்றாள் பிரபா. "மெக்கானிக்கிட்ட காட்டுங்க."

மெக்கானிக் தர்மராஜ், ஜங்ஷன் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டுக் கடை வைத்திருந்தார். கொளஞ்சி வேலை முடிந்து சாயங்காலம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். தர்மராஜ் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய் வந்தார். வண்டி அருமையாக ஓடியது.

"என்னாப்பா கொற? நல்லாத்தான இருக்குது."

"காலைல நிக்குதுண்ணே."

"பழைய வண்டி. பனிக்கு அப்புடித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கரி அடைந்து கறுப்பாக இருந்தது. புதுப் பிளக் போட்டார். "சோக்கப் போட்டுக்கிட்டே ஓட்டறியா? அப்புடி ஓட்டாத. கிளம்புனதும் எடுத்துடு. இல்லன்னா இதும் கரி அடஞ்சிடும்."

மறுநாள் காலையிலும் வண்டி நின்றது. இரண்டாவது தடவை போனபோது தர்மராஜ் கார்புரேட்டரில் ஒரு ஸ்குருவைத் திருகி, நின்ற இடத்தில் ஓடுகிற வேகத்தைக் கூட்டிவைத்தார். அதற்குப் பிறகு வண்டி பெரிய சத்தம் போட்டுக்கொண்டு நின்றது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்கழி பிறந்து கொஞ்ச நாள் கழித்து அது நடந்தது.

கோயில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்து, கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. வெண்பா எழுந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் பாயில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்தாள். பிரபா பம்ப்பை எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்து மறுபடி வைத்தாள். அடங்கவில்லை. கழுத்துக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. "அம்மா" என்று சொல்ல வந்தவளுக்கு அந்த ஒரு சொல்லே இரண்டு துண்டாக வந்தது.

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணலாங்க" என்றாள் பிரபா.

"அது வர்றதுக்குள்ள நாம போயிடலாம். எழுந்திரு."

பனி தலையில் இறங்கக்கூடாதென்று தன் துண்டை எடுத்து மகள் தலையோடு முகத்தையும் சேர்த்துச் சுற்றினான். பிரபா மகளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். சோக்கைப் போட்டு உதைத்தான். வண்டி கிளம்பிவிட்டது. ஊர் எல்லை வரை ஓடியது. அங்கே தர்மராஜ் சொன்னது நினைவுக்கு வந்து சோக்கை எடுத்தான். சிறிய பாலத்தின் மேல், இரண்டு பக்கமும் வயல், ஒரு வீடு கிடையாது, வண்டி இருமியது, ஆக்சிலேட்டரைத் திருகினான், ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி அடங்கிவிட்டது.

உதைத்தான். மறுபடி உதைத்தான். சோக்கைப் போட்டு உதைத்தான், எடுத்து உதைத்தான், ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டே உதைத்தான். கிக்கர் நழுவிக் கணுக்காலில் அடித்தது, வலி தெரியவில்லை. பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. பனியில் ஒன்றும் தெரியாமல் எல்லாம் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக்குள் தனக்குப் பின்னால் மகளின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. சத்தம் குறைவது நல்லதா கெட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"நீங்க உதைச்சுக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுப் பிரபா இறங்கினாள். ஸ்ரீமுஷ்ணம் பக்கமிருந்து ஒரு வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. முதல் பஸ். அவள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டின் நடுவில் போய் நின்றாள். பஸ் கிறீச்சிட்டு அவளுக்கு முன்னால் வந்து நின்றது. கதவு திறந்தது, யாரோ கையை நீட்டினார்கள், அவள் ஏறினாள். கொளஞ்சி வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஓடுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் கொஞ்ச தூரம் தெரிந்து பனிக்குள் போய்விட்டன.

அவன் சட்டைப் பையைத் தொட்டான். போன் வீட்டில் சார்ஜில் இருந்தது.

பாலக்காரர் ஒருவர் வந்தார். அவரிடம் போனைக் கேட்டு வாங்கினான். கையில் வாங்கிய பிறகுதான் பிரபாவின் நம்பர் தனக்குத் தெரியாது என்று தெரிந்தது. அவள் பெயரைத் தொட்டால் போகும். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். முதலில் ஒன்பது, அப்புறம் நாலு, அப்புறம் என்ன? பாலக்காரர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு என்னாச்சு" என்று கேட்டார். போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"இன்ஜினுக்குள்ள பெட்ரோல் அதிகமா ஊத்திக்கிச்சு போலருக்குது. வாடை அடிக்குது பாரு" என்றார் பாலக்காரர். "கொஞ்சம் சும்மா விடு. சோக்க எடுத்துட்டு, ஆக்சிலேட்டர முழுசாத் திருகி உதை."

சும்மா விடுவது. அந்தப் பாலத்தின் மேல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. அவன் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் எதையும் செய்ததில்லை. அக்காவுக்காக ஓடின அன்றைக்காவது ஓட முடிந்தது.

வண்டி கடைசியில் கிளம்பியது. கறுப்புப் புகையாகக் கக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. அவன் ஆக்சிலேட்டரை விடாமல் அரசு ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து, வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓடினான்.

"வெண்பா. ஆறு வயசு. மூச்சுத் திணறல்" என்றான்.

அங்கிருந்த நர்ஸ் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி யாரும் வரலியேங்க" என்றார்.

"பஸ்ல வந்தாங்க. அம்மாவும் பொண்ணும்."

"இன்னிக்குக் காலைல கொழந்தைங்க யாரும் வரல."

படியோரத்தில் சின்ன ரோஸ் கலர் செருப்பு ஒன்று கிடந்தது. ஒற்றைச் செருப்பு. வெண்பாவுக்கும் அதே மாதிரி ஒன்று உண்டு. அவன் குனிந்து அதை எடுத்தான். வீட்டிலிருந்து கிளம்பும்போது மகள் செருப்புப் போட்டிருந்தாளா என்று யோசித்தான். காலையே பார்க்கவில்லை. வந்திருக்கிறார்கள், ஆனால் வார்டுக்குள் போகவில்லை, அப்படியானால் நேராக வேறெங்கோ கொண்டுபோயிருக்கிறார்கள் என்று அவன் மனம் கணக்குப் போட்டது. எங்கே என்று கேட்காமல் சுற்றிலும் பார்த்தான். மரத்தடியில் ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது பிரபாவின் சேலை நிறமா? அருகில் போனான். வேறு யாரோ.

பிறகு எப்படியோ அவனுக்குப் பஸ் நினைவு வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டினான். ஸ்ரீமுஷ்ணம் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பாலத்துகிட்ட ஏறினாங்களே, ஒரு பொண்ணும் கொழந்தையும்" என்று ஆரம்பித்தான்.

"நீதான் அவங்க வூட்டுக்காரரா?" என்றார் கண்டக்டர். "டவுனுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே கொழந்தைங்க டாக்டரம்மா கிளினிக்கு இருக்குதுல்ல, அங்கியே வாசல்ல நிறுத்தி எறக்கி உட்டுட்டோம்ப்பா. டிரைவர் மாடிப்படி வரைக்கும் ஓடிப் போய் அந்தம்மாவ எழுப்பிட்டு வந்தாரு. போ, போ."

அந்தக் கிளினிக்கை அவன் வரும்போது தாண்டித்தான் வந்திருந்தான்.

வெண்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூக்கையும் வாயையும் மூடிப் பச்சை மூடி மாட்டியிருந்தார்கள். அதிலிருந்து வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. தோள் இறங்கியிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் மூடியைக் கொஞ்சம் நகர்த்தி, "வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சாப்பா?" என்று கேட்டாள்.

கொளஞ்சி பெஞ்சுக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிரபா வந்து அவன் கையிலிருந்த செருப்பை வாங்கிப் பார்த்து, "யாரோடதுங்க இது?" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

டாக்டர் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார். இப்படி அடிக்கடி வருகிறதா, வீட்டில் புகை உண்டா, பூனை நாய் உண்டா என்று விசாரித்தார்.

"தூசி?"

"வூட்ல தூசியே இருக்காதுங்க டாக்டர்" என்றான் கொளஞ்சி. "இவ தெனமும் ரெண்டு வேளை கூட்டுவா."

வீட்டுக்குக் கிளம்பும் முன் அரசு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், படியில் அந்தச் செருப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தான்.

அன்று சாயங்காலமே அவன் வண்டியைத் தர்மராஜ் கடைக்குக் கொண்டுபோனான். விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருந்தான். பிரபா கூடவே வந்தாள். தர்மராஜ் வழக்கம்போல ஏறி ஒரு சுற்றுப் போகப் போனார்.

"இருங்கண்ணே" என்றாள் அவள். "இப்ப ஓட்டுனா நல்லாத்தான் ஓடும். ஊர்லருந்து ஓட்டிக்கிட்டு வந்து, சூடா உங்ககிட்ட நிறுத்துறாரு. சூட்ல உங்களுக்கு எப்புடித் தெரியும்? நான் பின்னால உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். சோக்குப் போட்டிருக்கிற வரைக்கும் நிக்காது. சோக்க எடுத்ததும் நிக்கும். சூடாயிட்டா எடுத்தாலும் நிக்காது."

தர்மராஜ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கொளஞ்சியைப் பார்த்தார். "இத யாம்ப்பா மொதல்லியே சொல்லல?"

"நிக்குதுன்னு சொன்னேனேண்ணே."

"நிக்கிறது வேற, சோக்க எடுத்தா நிக்கிறது வேற. சோக்கு போட்டா காத்தக் கொறச்சிப் பெட்ரோல அதிகமாக் குடுக்கும். அப்ப ஓடுதுன்னா, மத்த நேரத்துல பெட்ரோலு பத்தல, இல்ல காத்து எங்கியோ கூடப் போவுது." கொஞ்சம் யோசித்தார். "என் மேலயும் தப்பு இருக்குது. சோக்க எடுன்னு நான்தான் சொல்லி உட்டேன். வண்டிய வுட்டுட்டுப் போங்க. காலைல சில்லுனு இருக்கும்போது பாக்கறேன்."

மறுநாள் இருவரும் பஸ்ஸில் வந்தார்கள். அவர்கள் முன்னாலேயே தர்மராஜ் உதைத்தார். கிளம்பியது. சோக்கை எடுத்தார். நின்றது. அவருக்கு அதைப் பார்த்ததில் ஒரு திருப்தி. உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றினார். அடியில் இருக்கிற கிண்ணத்தைத் திறந்து, அதிலிருந்த பெட்ரோலைத் தட்டில் ஊற்றினார். கிண்ணத்தின் அடியில் இட்லி மாவு காய்ந்த மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. ஊசித் துளை உள்ள, ஜெட் என்கிற சின்னப் பித்தளைக் குழாயைக் கழற்றி, வானத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு பிரபாவிடம் கொடுத்தார்.

"வெளிச்சம் தெரியுதா?"

"இல்லியே."

"தெரியணும். ஆக்சிலேட்டரு குடுக்காதப்ப இது வழியாத்தான் பெட்ரோலு போவணும்."

அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். ஃபில்டர் ரொட்டித் துண்டு மாதிரி வெள்ளையாக இருந்தது. பெட்டியிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயைப் பிடுங்கித் திருப்பினார். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் ஒரு விரல் நுழைகிற அளவுக்குக் கிழிந்திருந்தது.

"பாத்தியா, வடிகட்டாம இந்த வழியா உள்ள போயிருக்குது." அந்த வெள்ளையை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "இது ரோட்டுத் தூசி இல்லப்பா. ரோட்டுத் தூசி செவப்பா இருக்கும், நறநறன்னு இருக்கும். இது பவுடரு மாதிரி இருக்குது. வண்டிய எங்க நிறுத்துற?"

"கம்பெனிலதாண்ணே. அரவைக் கொட்டாய் ஓரம், நெழல்ல."

"வெளிய ஓரமா நின்ன வண்டியே இவ்ளோ தின்னிருக்குது" என்று ஆரம்பித்த தர்மராஜ், நிமிர்ந்து கொளஞ்சியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பிரபாவும் அவனைப் பார்த்தாள். தர்மராஜ் குனிந்து கிண்ணத்தைப் பெட்ரோல் விட்டுக் கழுவ ஆரம்பித்தார்.

ஜெட்டைச் சுத்தம் செய்து, புது ரப்பர் குழாயும் ஃபில்டரும் போட்டுக் கொடுத்தார். வண்டி சரியாகிவிட்டது. மறுநாள் காலையில் சோக்கை எடுத்த பிறகும் நிற்காமல் வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. கொளஞ்சிக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை.

கடையிலிருந்து வந்த அன்றே, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அவன் தன் வேலைச் சட்டையை எடுத்துப் பார்த்திருந்தான். அது எப்போதும் வெண்பா படுக்கிற இடத்துக்கு மேலே கொடியில் தொங்கும். ஜன்னல் வெயிலில் பிடித்து ஒரு உதறு உதறினான். வெயில் முழுக்க வெள்ளையாகிவிட்டது. அது தரைக்கு வர வெகுநேரம் ஆனது. பிறகு துண்டு. அன்றைக்குப் பனிக்குப் பயந்து மகள் மூக்கையும் வாயையும் சேர்த்துச் சுற்றினானே, அந்தத் துண்டு. அதை உதறிப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை. அப்படியே வாளித் தண்ணீருக்குள் அமுக்கினான். தண்ணீர் பால் மாதிரி ஆனது.

அன்று முதல் அவன் தன் இருமலைக் கவனிக்க ஆரம்பித்தான். ரொம்ப நாளாகவே காலையில் நாலு இருமல் இருமுவது உண்டு. பீடிகூடக் குடிக்காதவனுக்கு அது எதற்கு வருகிறது என்று யோசித்ததில்லை. அதே அரவையில் அவனுக்கு முன்னால் வேலை பார்த்த பக்கிரி, மாடிப்படி ஏற முடியவில்லை என்று ஒருநாள் வேலையை விட்டு நின்றுவிட்டார். சளிதான், டி.பி.தான் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கொளஞ்சி போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் பயமாக இருக்கும் என்றுதான் போகவில்லை. இப்போது பக்கிரி ராத்திரியில்கூடச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறார் என்று கேள்விப்பட்டான்.

கம்பெனியில் முகத்தில் துணி கட்டிக்கொண்டான். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, வேலைச் சட்டையைப் பையில் கட்டிக்கொண்டு வந்தான். அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் பிரபா தனியாகத் துவைத்தாள். ஆனால் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று அவள் சொன்னால் மட்டும் பொங்கல் முடியட்டும் என்பான். பொங்கல் முடிந்தது. மாசி மகத்துக்குத் தேர் இழுத்துவிட்டுப் போகலாம் என்றான். அதுவும் முடிந்தது.

"வண்டிக்கு ஒண்ணுன்னா மூணு தடவை மெக்கானிக்கிட்ட போனீங்க" என்றாள் பிரபா. அவள் சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை. "உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எந்த பஸ்ஸு முன்னாடி போய் நிக்கிறது?"

அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய் ஆணியில் மாட்டினான். பிறகு, "அங்க போயி ஒண்ணு இருக்குதுன்னு சொல்லிட்டாங்கன்னா?" என்றான்.

"இருந்தா நீங்க கேக்காட்டியும் இருக்கத்தான செய்யும்."

போனார்கள். எக்ஸ்ரே அறையில் சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சை அந்தச் சில்லென்ற தகட்டில் ஒட்டி நிற்கும்போது, "மூச்ச இழுத்து நிறுத்துங்க" என்று சொன்னார்கள். அவனுக்கு மூச்சு நிற்கவில்லை, நடுங்கி நடுங்கி வெளியே வந்தது. இரண்டாவது முறை எடுத்தார்கள்.

நெஞ்சு டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி மேல்பக்கம் விரலை வைத்தார். இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கின்றன என்றார். எத்தனை வருஷ வேலை, என்ன பொடி, ஈரமாகவா உலர்வாகவா என்று கேட்டார். சளியையும் சோதித்தார்கள். டி.பி. இல்லை என்று வந்தது.

"கல் பொடி நெஞ்சுல படிஞ்சிருக்குது. ஆரம்பந்தான். ஆனா இது போறதுக்கு மருந்து கிடையாது. மேல ஏறாமப் பாத்துக்கலாம். அந்த வேலைல இருந்தா ஏறும். ஆறு மாசம் கழிச்சி மறுபடி எடுத்துப் பாக்கணும்" என்றார்.

வெளியே வந்து வெயிலில் நின்றபோது கொளஞ்சிக்கு ஒன்று விளங்கியது. இவ்வளவு காலமாக அவன் பயந்ததெல்லாம் வராமல் போனவற்றுக்கு: வராத பஸ், இல்லாத டிராக்டர், கிளம்பாத வண்டி. இது அவன் தினமும் எழுந்து போய்த் தானே மூட்டை பிரித்துக் கொட்டியது.

கம்பெனி சூப்பர்வைசர் தனக்கோடியிடம் வேறு வேலை கேட்பதற்கு அவன் இரண்டு தடவை போய், வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். மூன்றாவது தடவை படத்தையே கையில் எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் வைத்தான். தனக்கோடிக்கு எக்ஸ்ரே பார்க்கத் தெரியாது. ஆனாலும் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார்.

"அரவைக்கு வேற ஆளு வேணுமே கொளஞ்சி" என்றார்.

"அவனுக்கும் இதாங்க வரும்" என்றான் கொளஞ்சி. சொன்ன பிறகு, இதைத் தான்தான் சொன்னோமா என்று அவனுக்கே திகைப்பாக இருந்தது. "பொடியத் தண்ணி தெளிச்சிட்டுக் கொட்டலாங்க. காத்து இழுக்கிற ஃபேனு ஒண்ணு போடலாம். பக்கிரி அண்ணனப் போய் ஒரு தடவை பாத்துட்டு வாங்க. நானும் வரேன்."

தனக்கோடி படத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அவனைச் சுட்ட சாமான்களைப் பார்த்து அடுக்கிப் பெட்டியில் கட்டுகிற பகுதிக்கு மாற்றினார்கள். அரவையில் ஃபேன் போட்டார்கள். தண்ணீர் தெளிப்பது சில நாள் நடக்கும், சில நாள் நடக்காது. பக்கிரியைப் பார்க்கக் கொளஞ்சி தனியாகத்தான் போனான். போன பிறகு அடிக்கடி போக ஆரம்பித்தான்.

அடுத்த பனிக்காலத்தில் வெண்பாவுக்கு இளைப்பு வராமல் இல்லை. வந்தது, முன்போல அவ்வளவு மோசமாக இல்லை. ஒரு தடவை மட்டும் புகை வைக்கப் போனார்கள். பிரபாவின் நம்பரைக் கொளஞ்சி மனப்பாடம் செய்திருந்தான். வெண்பா அதைப் பாட்டாகவே பாடுவாள்.

இரண்டாவது படம் எடுக்கிற நாள் தள்ளித் தள்ளிப் போய், அந்தப் பனிக்காலத்தின் கடைசியில்தான் வந்தது. டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, ஒன்றை விட்டு ஒன்றை மாறி மாறிப் பார்த்தார். பிரபா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியேதான் இருக்குது. கூடல" என்றார் டாக்டர்.

"கொறஞ்சிருக்குதுங்களா?" என்று கேட்டான்.

"கொறையாது. கூடாம இருக்குது. அடுத்த வருஷம் வாங்க."

படத்தை உறையில் போட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஆஸ்பத்திரி எதிரில் டீக்கடை. பிரபா இரண்டு டீ சொன்னாள். அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம்னா என்னைக்கு வரச் சொன்னாரு, கேட்டியா?" என்றான்.

"கேட்டேன். டீயக் குடிங்க, ஆறிடும்" என்றாள் அவள்.